தக்காளிக்கு 5 லிட்டர் கேன் போதுமா? மண்ணில்லாச் சாகுபடியில் கலனின் அளவு

அம்மாபேட்டை மொட்டைமாடி · ஏப்ரல் 6 · தொடக்கப் பதிவு

அனைவருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒன்றரை ஆண்டாக மண்ணில்லாமல் கீரையும் லெட்யூஸும் வளர்த்து வருகிறேன். பழக்கடையில் வாங்கிய தெர்மாகோல் பெட்டிகளின் மூடியில் இரண்டு அங்குல வலைத்தொட்டிகளைப் பொருத்தி, மோட்டார் எதுவும் இல்லாமல் உரம் கரைத்த நீரை, அதாவது கரைசலை, ஒரே முறை நிரப்பிவிடும் கிராட்கி முறைதான். இதுவரை பெரிய குறை எதுவும் வந்ததில்லை. அந்தத் துணிச்சலில் இந்த ஆண்டு தை மாதத்தில் ஆறு தக்காளி நாற்றுகளை, சமையல் எண்ணெய் வந்த 5 லிட்டர் கேன்களுக்குக் கருப்பு வண்ணமும் அதன்மேல் வெள்ளையும் அடித்து, அதே முறையில் வைத்தேன்.

மாசி முடியும்போது செடிகள் இடுப்பளவு வளர்ந்து, முதல் இரண்டு கொத்துகளில் காய் பிடித்திருந்தன. பங்குனியில் ஒரு திருமணத்திற்காக ஈரோடு சென்று இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது, ஆறில் நான்கு செடிகள் தலை தொங்கிச் சாய்ந்து கிடந்தன. புறப்பட்ட அன்று காலையில் ஒவ்வொரு கேனையும் கழுத்துவரை நிரப்பிவிட்டுத்தான் போனேன். வந்து பார்த்தால் அடியில் இரண்டு விரற்கடை கரைசலே மிச்சம், ஈ.சி. (கரைசலில் உள்ள உப்பின் செறிவைக் காட்டும் அளவு) 2.0 என்று வைத்துவிட்டுப் போனது மீட்டரில் 4.3 காட்டியது.

ஒரு கேனை அறுத்துச் செடியை வெளியே எடுத்தேன். வேர்க்கட்டு கேனின் வடிவத்தை அப்படியே அச்சுப்போல வாங்கியிருந்தது. உட்குழிவான கைப்பிடிக்குள் புகுந்த வேர்கூட அங்கேயே ஒரு வளைவாக இறுகியிருந்தது. மேற்பகுதி வெண்மையாக, பஞ்சுபோல இருந்தது. அடிப்பகுதியோ பழுப்பேறி, விரலால் இழுத்தவுடன் மேலுறை கழன்று, நூல்போன்ற நடுநரம்பு மட்டும் கையில் மிஞ்சியது.

5 லிட்டர் போதாது என்பது புரிகிறது. ஆனால் எத்தனை லிட்டர் வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுவது? 10, 15, 20 என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். யாரும் காரணம் சொல்வதில்லை. மாடியின் பாரத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

---

கன்னங்குறிச்சி வீட்டுத்தோட்டம் · ஏப்ரல் 6

தம்பி, நீங்கள் வேரைப் பார்த்துக் கலனைத் தேடுகிறீர்கள். மண்ணில் அது சரி. அங்கே வேர் பரவும் இடம்தான் செடியின் சாப்பாடு. கரைசலில் வளரும் செடிக்குச் சாப்பாடு தேடி வரும் என்பதால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உச்சிவெயில் நாளில் அந்தச் செடி எத்தனை லிட்டர் குடிக்கிறது என்பதே. அதை நீங்களே அளந்துவிடலாம். காலை ஆறு மணிக்குக் கரைசல் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள்; மறுநாள் அதே நேரத்தில் அந்த டேப் வரை நிரப்ப எத்தனை குவளை ஆகிறது என்று எண்ணுங்கள். காய் பிடித்த தக்காளி, நம் ஊரின் சித்திரை வெயிலில், என் மாடியில் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் வரை குடித்திருக்கிறது. உங்கள் கேன் இரண்டு நாளில் வற்றியதில் வியப்பில்லை.

அடுத்தது, குடித்தபின் மிஞ்சுவது என்ன என்பது. வெயில் நாளில் செடி உப்பைவிடத் தண்ணீரையே மிகுதியாக எடுக்கும். ஆகவே மிச்சக் கரைசல் கெட்டிப்படும். உப்பை அறவே எடுக்கவில்லை என்று கடுமையாகவே கணக்குப் போடுவோம். 2.0 ஈ.சி. உள்ள 10 லிட்டரில் 5 லிட்டரைச் செடி குடித்தால் மிச்சம் 4.0 ஆகிவிடும். அதே 5 லிட்டரை 16 லிட்டரிலிருந்து குடித்தால் 2.9-இல் நிற்கும். முன்னதில் இலை நுனி கருகும். பின்னதைச் செடி தாங்கிக்கொள்ளும். பெரிய கலனின் முதற்பயன் இந்தத் தாங்குதிறன்தான். நீங்கள் ஊரில் இல்லாமல் இருக்கும் நாள்களின் குடிநீரைக் கழித்தபின்னும் பாதிக்குமேல் மிஞ்ச வேண்டும் என்பதை நான் அளவாக வைத்திருக்கிறேன். இரண்டு நாளுக்கு 5 லிட்டர், அதன் இரு மடங்கான 10-க்கு மேல் கரைசல், மேலே காற்றுக்கு விடும் இடத்தையும் சேர்த்தால் 15 லிட்டருக்குக் குறையாத வாளி. கடையில் எளிதாகக் கிடைப்பது 20 லிட்டர் பெயின்ட் வாளி என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு நேர்ந்த இழப்பில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கிராட்கி வகுத்த முறையில், கரைசல் இறங்க இறங்க மேலே தோன்றும் வெற்றிடத்தில் காற்று வேர்கள் உருவாகின்றன. நீங்கள் பார்த்த பஞ்சு போன்ற வெள்ளை வேர்கள் அவையே. செடி அவற்றின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. ஊருக்குப் புறப்படும் அன்று கழுத்துவரை நிரப்பியபோது அந்த வேர்களை முழுக்க மூழ்கடித்துவிட்டீர்கள். முதல் நாள் மூச்சுத்திணறல், இரண்டாம் நாள் வறட்சி என்று செடி இரண்டையும் பட்டிருக்கிறது. சிறிய கேனில் நிரப்பாமல் விட்டாலும் கேடு, நிரப்பினாலும் கேடு. 35 நாளில் அறுவடையாகும் லெட்யூஸுக்கு, ஒரு செடிக்கு நான்கு லிட்டர் என்று ஒரே முறை கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நான்கைந்து மாதம் நிற்கும் தக்காளிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. வாளியோடு மீன்தொட்டிக்குப் போடும் சிறிய காற்று மோட்டாரும், அதன் காற்றைக் குமிழிகளாக விடும் காற்றுக்கல்லும் வையுங்கள். அப்போது மட்டத்தை மேலேயே வைத்துக்கொள்ளலாம்.

---

சூரமங்கலம் குழாய்த்தோட்டம் · ஏப்ரல் 7

கன்னங்குறிச்சி அம்மா சொன்ன கணக்கு சரியானது. முடிவில் மட்டும் எனக்கு வேறுபாடு உண்டு. 16 லிட்டரும் செடியின் காலடியிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. என்னிடம் 110 மி.மீ. பி.வி.சி. குழாய்கள் 3 மீட்டர் நீளத்தில் நான்கு இருக்கின்றன. பாதி நிரம்பிய நிலையில் அந்தக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ நாலேகால் லிட்டர் கொள்ளும். ஒரு மீட்டரில் ஐந்து லெட்யூஸ் என்றால் செடிக்கு ஒரு லிட்டர்கூட வராது. ஆனால் கீழே நிழலில் 200 லிட்டர் டிரம் இருக்கிறது; மோட்டார் அதிலிருந்து கரைசலை ஏற்றிக்கொண்டே இருக்கிறது. செடி இருக்கும் குழாயையும் தொட்டியையும் சேர்த்துத்தான் கலன் என்று எண்ண வேண்டும்.

ஆறு தக்காளிக்கு ஆறு பெரிய வாளி வாங்குவதைவிட, ஆறு சிறிய வாளிகளை அடியில் அரை அங்குலக் குழாயால் ஒரு டிரம்மோடு இணைத்து, நடுவில் மிதவை வால்வு போட்டுவிட்டால் மட்டம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். காற்று வேருக்கு இடம் கிடைக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் கவலையில்லை. டிரம் வாளிகளைவிட உயரத்தில் இருந்தால் மின்சாரமே தேவையில்லை.

---

கன்னங்குறிச்சி வீட்டுத்தோட்டம் · ஏப்ரல் 7

மிதவை வால்வு யோசனையை முழு மனதோடு ஏற்கிறேன்; நான் விட்டுவிட்டது அது. குழாயைத் தக்காளிக்குப் பரிந்துரைக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது மாதத்தில் வேர் பாய்போலப் பின்னிக் குழாயை அடைத்துவிடும். கரைசல் பின்னுக்குத் தேங்கி வலைத்தொட்டி வழியாக வெளியே வழியும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் படலமாக மட்டும் ஓடவிடும் குழாயில் மின்சாரம் போனால், மாடிச் சூட்டில் வேர் காய்வதற்கு அரை மணி நேரம் கூடத் தேவைப்படாது. வாளியில் மோட்டார் நின்றாலும் தண்ணீர் நிற்கிறது.

---

நாகலூர் குளிர்க்காடு · ஏப்ரல் 8

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். கீழே இருப்பவர்கள் சொல்லும் லிட்டர் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இந்தப் பதிவு. நான் குடைமிளகாய் வளர்ப்பது 12 லிட்டர் வாளிகளில். மூன்று பருவமாக அதுவே போதுமானதாக இருக்கிறது. மூடுபனி நாள்களில் ஒரு செடி அரை லிட்டர்கூடக் குடிப்பதில்லை. பங்குனி, சித்திரையில்தான் ஒன்றேகால் லிட்டரைத் தொடுகிறது. கன்னங்குறிச்சி அம்மாவின் அளவுகோலை வைத்தே பார்த்தாலும் எங்களுக்குச் சிறிய வாளி போதும்.

ஆக்சிஜன் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 20 டிகிரி தண்ணீர், கடல் மட்டத்தில், லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகக் குறைந்துவிடும். இதை வைத்து மலையில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், இங்கே 20 டிகிரியிலும் தண்ணீர் பிடித்துக்கொள்வது 7.6 அளவுதான். ஏற்காட்டின் குளிர்ந்த தண்ணீரும் சேலத்தின் வெதுவெதுப்பான தண்ணீரும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு வேரின் பசியில் இருக்கிறது. குளிரில் வேர் மெதுவாக மூச்சு விடுகிறது, அழுகல் பூஞ்சையும் மெதுவாகப் பெருகுகிறது. சூட்டில் இரண்டும் விரைகின்றன. ஆகவே அதே 7.6 எங்களுக்குப் போதுமானது, உங்களுக்குப் பற்றாக்குறை. அடியில் உறை கழன்ற வேர் என்று தொடக்கப் பதிவில் படித்தபோதே, அந்தக் கேனின் தண்ணீர் பிற்பகலில் எத்தனை டிகிரியில் இருந்தது என்று கேட்கத் தோன்றியது. சிறிய கலன் காற்றைப் போலவே சீக்கிரம் சூடேறும். பெரிய கலன் மாலைவரை இழுத்துப் பிடிக்கும், அதற்குள் வெயில் இறங்கிவிடும்.

எங்களுக்கு எதிர்ச்சிக்கல். மார்கழியில் தண்ணீர் 14 டிகிரிக்கு இறங்கினால் செடி பாஸ்பரஸை எடுக்கத் திணறி இலையின் அடிப்புறம் ஊதா நிறமாகிறது. அந்த இரண்டு மாதமும் வாளியைச் சுற்றிய வெள்ளைத் தாளை அவிழ்த்துவிட்டுக் கருப்பாகவே வெயிலில் வைக்கிறேன். சிறிய வாளி என்பதால் பத்து மணிக்கெல்லாம் சூடு ஏறிவிடுகிறது.

---

ஓமலூர் வேளாண் மாணவி · ஏப்ரல் 8

தொட்டியின் அளவைப் பற்றி 2012-இல் ஹென்ட்ரிக் பூர்ட்டரும் உடன் ஆய்ந்தவர்களும் 65 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரை எங்கள் வகுப்பில் பேசப்பட்டது. தொட்டியின் கொள்ளளவு இரட்டித்தால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது என்பது அதன் முடிவு. ஒரு லிட்டர் கொள்ளளவுக்குச் செடியின் உலர் எடை 1 கிராமைத் தாண்டாதிருப்பது நல்லது என்றும் அதில் இருக்கிறது. ஆனால் இந்த அளவை நம் வாளிக்கு அப்படியே பொருத்தினால், சில நூறு கிராம் உலர் எடை உள்ள ஒரு தக்காளிச் செடிக்குச் சில நூறு லிட்டர் தேவை என்று வந்துவிடும். 20 லிட்டரில் நன்றாகக் காய்க்கும் செடிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீரும் உரமும் காற்றும் இடைவிடாமல் கிடைக்கும்போது இடநெருக்கடியின் பெரும்பகுதி தணிந்துவிடுகிறது என்பதே என் புரிதல்.

தென்னைநார்க் கழிவு நிரப்பி வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே லிட்டரோடு உயரமும் முக்கியம். எந்தத் தொட்டியிலும் வடிந்தபின் அடியில் சில அங்குலம் ஈரம் தேங்கியே நிற்கும். நிரப்பிய பொருள் ஒன்றாக இருக்கும்வரை அந்த ஈரப்படலத்தின் உயரம் தொட்டி குட்டையானாலும் நெட்டையானாலும் மாறுவதில்லை. எனவே 10 லிட்டர் கொள்ளும் அகலமான பேசினில் வேரின் பாதி ஈரத்தில் ஊறும். அதே 10 லிட்டர் உயரமான வாளியில் அடிப்பகுதி மட்டுமே ஊறும்.

---

ஆத்தூர் புதியவர் · ஏப்ரல் 9

நான் இப்போதுதான் தொடங்குகிறேன். தக்காளி இல்லாமல், புதினா, கீரை, மிளகாய் ஆகியவற்றுக்கு மட்டும் அளவு சொல்ல முடியுமா?

---

கன்னங்குறிச்சி வீட்டுத்தோட்டம் · ஏப்ரல் 9

அரைக்கீரை, சிறுகீரை, பாலக் எல்லாம் ஒரு சாண் ஆழத்திற்குக் குறைவான பெட்டியிலேயே வந்துவிடும். ஆழத்தைவிட அகலம் பாருங்கள். புதினாவுக்கு 5 லிட்டர் கேன் தாராளம், ஆனால் தனியாக வையுங்கள், பக்கத்துச் செடியின் இடத்தை அதன் வேர் பிடித்துக்கொள்ளும். மிளகாய்க்கு 8 முதல் 10 லிட்டர். வெள்ளரி குடிப்பதில் தக்காளிக்குச் சளைத்ததல்ல, அதற்கும் 20 வேண்டும்.

பழைய கேன் எடுத்தால் அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரிந்து எடுங்கள். பூச்சிமருந்தோ அமிலமோ வந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். துத்தநாகம் பூசிய தகர வாளியும் வேண்டாம். நம் கரைசல் புளிப்புத் தன்மை உடையது, துத்தநாகத்தைக் கரைத்துச் செடிக்கு நஞ்சாக்கிவிடும். சிமென்ட் தொட்டி கரைசலின் பி.எச்.-ஐ (புளிப்பு, காரத் தன்மையின் அளவு) ஏற்றிக்கொண்டே இருக்கும்.

---

அழகாபுரம் கட்டடப்பணி · ஏப்ரல் 10

மாடியின் பாரத்தைப் பற்றி யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 வைத்திருக்கும் பயன்பாட்டுப் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. 20 லிட்டர் வாளி, செடி, பந்தல் கம்பி எல்லாம் சேர்த்து 25 கிலோ என்று கொண்டால், சதுர மீட்டருக்கு நான்கு வாளி வைப்பதில் இடரில்லை. டிரம் அப்படியல்ல. 200 லிட்டர் டிரம்மின் அடி சுமார் கால் சதுர மீட்டர்தான். 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் அந்தச் சிறிய இடத்தில் இறங்குகிறது. அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ ஓடும் இடத்தின் மேல், பலகை போட்டு வையுங்கள். பழைய வீடு, விரிசல் கண்ட தளம் என்றால் நேரில் ஒருவரை அழைத்துக் காட்டியபின் ஏற்றுவதே முறை.

---

சூரமங்கலம் குழாய்த்தோட்டம் · ஏப்ரல் 10

தண்ணீரைப் பற்றியும் ஒரு வரி. மேட்டூர் தண்ணீர் வரும் வீட்டுக்கும் போர் தண்ணீரை நம்பும் வீட்டுக்கும் கலன் கணக்கு வேறு. கடின நீரில், பி.எச்.-ஐ ஏற்றும் பைகார்பனேட் மிகுதி. சிறிய கலனில் நாள்தோறும் போர் தண்ணீரை ஊற்ற ஊற்றச் சுண்ணாம்பும் மெக்னீசியமும் அதில் சேர்ந்துகொண்டே போகும், பி.எச். 7-ஐத் தாண்டும், இரும்புச்சத்து கிடைக்காமல் இளந்தளிர் மஞ்சளாகும். மாக்னசைட் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கரடுப் பக்கம் இருப்பவர்கள், உரத்தில் மெக்னீசியம் சல்பேட் சேர்க்கும் முன் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மழைநீரைத் தேக்கி வைத்துப் பாதிக்குப் பாதி கலப்பவர்களுக்குச் சிறிய கலனும் பணிந்து நடக்கும்.

---

அம்மாபேட்டை மொட்டைமாடி · மே 19

ஆறு வாரம் கழித்து வருகிறேன். பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. பிழைத்த இரண்டு செடிகளையும், சூரமங்கலம் ஐயா கொடுத்த நான்கு நாற்றுகளையும் கொண்டு இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று செடிகள் காற்றுக்கல்லுடன் 20 லிட்டர் வாளியில். மூன்று செடிகள் 10 லிட்டர் வாளியில், மாடிப்படி அறைச் சுவரின்மேல் வைத்த டிரம்மோடு மிதவை வால்வு வழியாக இணைக்கப்பட்டவை.

டேப் ஒட்டி அளந்ததில், காய் உள்ள பெரிய செடி சித்திரைக் கடைசியில் நாளுக்கு 2.3 லிட்டர் குடித்தது. இளஞ்செடிகள் முக்கால் லிட்டர். ஈ.சி. இரண்டு முறையிலும் 2.6-ஐத் தாண்டவில்லை. இடையில் மூன்று நாள் ஊருக்குப் போய்வந்தேன். ஒரு செடியும் தலை தொங்கவில்லை.

சூடுதான் எதிர்பாராதது. பிற்பகல் மூன்று மணிக்கு 20 லிட்டர் வாளியில் 31 டிகிரி இருந்தபோது 10 லிட்டர் வாளியில் 34 டிகிரி இருந்தது. மேற்குக் கைப்பிடிச்சுவரை ஒட்டியிருந்த ஒன்றில் அடி வேர் மீண்டும் பழுப்பேறத் தொடங்கியது. டிரம்மில் தண்ணீர் எத்தனை இருந்தாலும் வேர் நிற்கும் வாளியின் சூட்டை அது தணிக்கவில்லை. அந்த வாளிகளை நிழல்வலைக்குள் நகர்த்தி, இரண்டு செங்கல்லின்மேல் ஏற்றி, சாக்கைச் சுற்றிக் காலையும் நண்பகலும் நனைத்து வருகிறேன், 28-க்கு இறங்கியிருக்கிறது. பழுப்பு வேருக்கு மேலே புதிய வெள்ளை வேர் இரண்டு அங்குலம் வந்துவிட்டது.

ஒரு கேள்வி மிச்சம். சாக்கு நனைந்தே இருப்பதால் மூடியின் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே கசிந்து ஈ.சி. இறங்குகிறது. இதற்கு என்ன செய்கிறீர்கள்?

---

கன்னங்குறிச்சி வீட்டுத்தோட்டம் · மே 19

சாக்கை மூடிக்கு நான்கு விரற்கடை கீழே கட்டுங்கள், தம்பி; மேலே வெறும் வெள்ளைப் பரப்பாக இருக்கட்டும். வலைத்தொட்டியைச் சுற்றி மிதிவண்டிக் குழாயை வளையமாக வெட்டிப் பொருத்தினால் துளையும் அடைபடும், பாசி பிடிக்க வெளிச்சமும் உள்ளே போகாது.

---

நாகலூர் குளிர்க்காடு · மே 20

10 லிட்டர் வாளிகளிலும் ஒரு காற்றுக்கல் போட்டுவிடுங்கள். 28 டிகிரி என்பது லெட்யூஸுக்கு இன்னும் சூடுதான். தக்காளி தாங்கும், ஆனால் மூச்சு வேண்டும். ஒரே மோட்டாரில் ஆறு கிளை பிரிக்கும்போது எல்லா வாளியிலும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆழம் குறைந்த வாளிக்கே காற்று முழுவதும் போய்விடும்.

---

அம்மாபேட்டை மொட்டைமாடி · மே 20

இன்று மாலையே கிளைக்குழாய்களில் சிறு திருகு வால்வு பொருத்தி, 20 லிட்டர் வாளிகளுக்கும் 10 லிட்டர் வாளிகளுக்கும் தனித்தனியாகக் காற்றைத் திறந்துவிட்டேன். ஆறு வாளியிலும் குமிழி ஒரே சீராக வருகிறது.